ஒரே மருந்து, இரண்டு பதில்கள்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 2004 மார்ச் மாதம் பாலியல் தொழிலாளர்கள் சிலர் செய்தியாளர்களை அழைத்துப் பேசினார்கள். கூட்டத்தைக் கூட்டியது பல ஆயிரம் உறுப்பினர்கள் கொண்ட அவர்களுடைய சொந்தச் சங்கமான ‘ஒற்றுமைக்கான பெண்கள் கூட்டமைப்பு’. அன்றைய பேச்சு போலீஸ் கெடுபிடியைப் பற்றியதல்ல, ஒரு மாத்திரையைப் பற்றியது. டெனோஃபோவிர் என்ற அந்த மருந்து எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு ஏற்கெனவே சிகிச்சையாகக் கொடுக்கப்பட்டுவந்தது. தொற்றாதவர்கள் தினம் ஒன்று விழுங்கிவந்தால் வைரஸ் உடலில் குடியேறாமல் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கு 960 பெண்கள் வேண்டும். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை.

பெண்கள் திருப்பிக் கேட்டார்கள்: பக்கவிளைவு வந்தால் யார் வைத்தியம் பார்ப்பார்கள்? சோதனை முடிந்து ஆய்வாளர்கள் ஊர் திரும்பிய பிறகு வந்தால்? 30, 40 ஆண்டுகளுக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தால் சேர்கிறோம், இல்லாவிட்டால் இல்லை என்றார்கள். அப்படியொரு உறுதியை யாரும் தரவில்லை. ஆகஸ்ட் மாதம் பிரதமர் ஹுன் சென் சோதனையை நிறுத்தச் சொன்னார். ஒருவர்கூட மாத்திரையைக் கையில் வாங்கும் முன்பே அது முடிந்துபோனது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே டெனோஃபோவிர் எம்ட்ரிசிட்டபைன் என்ற துணை மருந்தோடு சேர்ந்து மைசூருவுக்கு வந்தது. அங்கே 647 பாலியல் தொழிலாளர்கள் அதைத் தினமும் சாப்பிட முன்வந்தார்கள். பதினாறு மாதங்கள் கழித்து எண்ணிப் பார்த்தபோது 640 பேர் நிலைத்திருந்தார்கள். ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை.

பாலியல் தொழிலாளர்கள் இத்தகைய சோதனைகளுக்கு முன்வருவார்களா என்று உலகின் பல நகரங்களில் கருத்துக்கணிப்புகள் நடந்திருக்கின்றன. வயது, படிப்பு, வருமானம், நோய் பற்றிய அறிவு, பயம் என்று பல அளவுகோல்களை வைத்துப் பெண்களின் மனதை அளந்தார்கள். புனோம் பென்னையும் மைசூருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளக்க வேண்டியது வேறு எதையோ என்று தோன்றுகிறது. சம்மதமும் மறுப்பும் அந்தப் பெண்களின் குணத்தைவிட, அவர்கள் முன் வைக்கப்பட்ட சோதனையின் தரத்தையே அதிகம் காட்டுகின்றன.

ஏன் இவர்களிடமே வருகிறார்கள்?

காரணம் கணக்கில் இருக்கிறது. தடுப்பு மருந்து ஒன்று வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், மருந்து கிடைக்காத குழுவில் சிலருக்காவது தொற்று ஏற்பட்டாக வேண்டும். அப்போதுதான் இரு குழுக்களையும் ஒப்பிட முடியும். ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும் தொற்று வரும் ஊரில் 50 தொற்றுகளைக் காண 50,000 பேரை ஓராண்டு கண்காணிக்க வேண்டும். நூறில் ஐந்து பேருக்குத் தொற்று வரும் இடத்தில் 1,000 பேர் போதும். செலவும் காலமும் அந்த அளவுக்குச் சுருங்குகின்றன. எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய முதல் இருபது ஆண்டுகளில் ஆப்பிரிக்க, ஆசிய நகரங்களின் பாலியல் தொழிலாளர்களிடம் தொற்று வேகம் மிக அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சோதனையில் சேரும் எல்லாருக்கும், வெற்று மருந்து பெறுகிறவர்களுக்கும்தான், ஆணுறையும் ஆலோசனையும் மற்றப் பால்வினை நோய்களுக்கான சிகிச்சையும் கொடுத்தாக வேண்டும். அதைத் தவிர்ப்பது குற்றம். ஆனால் அந்தக் கடமையை நன்றாகச் செய்யச் செய்ய, தொற்று குறைந்து சோதனையின் கணக்கு உதைக்கத் தொடங்கும். கானாவின் அக்ரா, குமாசி நகரங்களில் ‘சாவி’ என்ற ஜெல்லை 2,142 பெண்களிடம் சோதித்தபோது இதுதான் நடந்தது. மொத்தமே 17 பேருக்குத்தான் தொற்று: ஜெல் பெற்றவர்களில் 8, வெற்று ஜெல் பெற்றவர்களில் 9. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று சோதனையை முன்கூட்டியே மூடினார்கள். ஜெல்லின் பலன் தெரியாமலே போயிற்று.

கேட்காமல் எடுத்த ரத்தம்

சம்மதம் என்ற பேச்சே இல்லாத ஒரு காலமும் இருந்தது. அதன் இந்திய அத்தியாயம் சென்னையில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், 1986இல் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்: பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண்களைத் தேடிச் சென்ற இடங்களில் ஒன்று, போலீசார் பிடித்துவந்தவர்களை அடைத்துவைத்திருந்த அரசுக் காப்பகம். சேகரித்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எலிசா முறையில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் ஆதாரம் அதுதான்.

எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். கையுறைகூட இல்லாமல் அவர் அந்த வேலையைச் செய்த காலம் அது. நாட்டுக்கு அந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்பகத்தில் அடைபட்ட ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க முடியுமா? இன்று இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், விளக்கி ஒப்புதல் பெறாமல் சோதனையோ ஆராய்ச்சியோ செய்யக் கூடாது என்கிறது.

சென்னையில் அந்த ரத்தம் எடுக்கப்படுவதற்கு ஓராண்டு முன்பு, 1985இல், கென்யத் தலைநகர் நைரோபியின் பும்வானி பகுதியில் இன்னொரு கதை தொடங்கியிருந்தது. மஜெங்கோ என்னும் குடிசைப் பகுதியின் பாலியல் தொழிலாளர்களுக்காக நைரோபி பல்கலைக்கழகமும் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சிறு மருத்துவ நிலையத்தை நடத்தின. கனடியரான ஃபிராங்க் பிளம்மர் பால்வினை நோய்களை ஆராய வந்தவர். பெண்களிடம் பேசிப் பழகி, அவர்களுக்குள்ளேயே தலைவிகளைத் தேர்ந்தெடுக்கச் செய்து, ஆணுறைப் பழக்கத்தை வளர்த்தவர் எலிசபெத் இங்குகி என்ற கென்யச் செவிலியர். ஆய்வாளர்களுக்குக் கதவு திறந்ததற்கு அவர் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம்.

முதல் பரிசோதனைகளிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்து எல்லாரும் திகைத்தார்கள். அதைவிடப் பெரிய திகைப்பு பின்னால் வந்தது. ஆண்டுக்கணக்கில் தொழிலில் இருந்தும் ஒரு சிலருக்கு மட்டும் வைரஸ் ஒட்டவே இல்லை. அவர்களுடைய ரத்தத்தை ஆராய்ந்தபோது, தொற்றிய செல்களைக் கொல்லும் வெள்ளணுக்கள் எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டுகொள்வது தெரிந்தது. இன்னொரு வியப்பு: சில காலம் தொழிலை விட்டு விலகியிருந்துவிட்டுத் திரும்பியவர்களில் சிலருக்கு அதன்பிறகு தொற்று வந்தது. வைரஸோடு அடிக்கடி உரசிக்கொண்டிருந்ததே அவர்களைக் காத்திருக்கலாம் என்ற ஊகம் அதிலிருந்துதான் பிறந்தது.

இந்தத் துப்பை வைத்து ஆக்ஸ்ஃபோர்டிலும் நைரோபியிலும் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். 2000, 2001 ஆண்டுகளில் மனிதச் சோதனை தொடங்கியது. முதல் கட்டத்துக்குத் தொற்று அபாயம் குறைந்த ஆரோக்கியமான ஆட்களே தேவை என்பதால், எந்தப் பெண்களின் ரத்தத்திலிருந்து அந்த எண்ணம் பிறந்ததோ அவர்கள் அதில் சேர முடியவில்லை. தடுப்பூசியும் போதுமான எதிர்ப்பாற்றலைத் தூண்டாமல் தோற்றது. மஜெங்கோ பெண்கள் ரத்தம் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

காப்பாற்ற வந்த ஜெல்

ஆணுறை போடு என்று வாடிக்கையாளரை வற்புறுத்தும் பலம் பல பெண்களுக்கு இல்லை. எனவே பெண் தானே, யாருக்கும் தெரியாமல், பயன்படுத்தக்கூடிய ஒன்று வேண்டும் என்ற தேடல் 1980களிலேயே தொடங்கியது. கையில் கிடைத்தது நோனாக்சினால்-9. கருத்தடைப் பொருளாகப் பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்ற விந்தணுக்கொல்லி அது. சோப்பைப் போல மேலுறைகளைக் கரைக்கும் இயல்புடையது. சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யின் உறையையும் கரைத்துக் கொன்றது.

நைரோபியில் 138 பாலியல் தொழிலாளர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு அதை ஊறவைத்த பஞ்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1992இல் முடிவு வந்தது. தொடர்ந்து கண்காணிக்க முடிந்தவர்களில், மருந்துப் பஞ்சு பெற்ற 60 பேரில் 27 பேருக்குத் தொற்று. மருந்து இல்லாத 56 பேரில் 20 பேருக்கு. மருந்து பயன்படுத்தியவர்களிடம் பிறப்புறுப்புப் புண்களும் அதிகம். அளவு அதிகமாகிவிட்டது போலும் என்று குறைந்த அளவில் மெல்லிய தாளாகச் செய்து கேமரூனில் 1,292 பெண்களிடம் கொடுத்தார்கள். மருந்துக் குழுவில் 48, மற்றதில் 46. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

மூன்றாவது சோதனை ஜெல் வடிவில், பெனின், ஐவரி கோஸ்ட், தென் ஆப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் பாலியல் தொழிலாளர்களிடம் நடந்தது. தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடங்களில் இருந்த பெண்களைச் சேர்த்தவர் இந்திய வம்சாவளி விஞ்ஞானி கீதா ராம்ஜி. 2000 ஜூலையில் அதே டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் முடிவை அறிவித்தார்கள். ஜெல் பெற்ற 376 பேரில் 59 பேருக்கும், வெற்று ஜெல் பெற்ற 389 பேரில் 45 பேருக்கும் தொற்று வந்திருந்தது. அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம்தான் பாதிப்பு அதிகம்.

ஏன் என்று பிறகு புரிந்தது. வைரஸின் உறையைக் கரைத்த அதே குணம் யோனியின் உள்தோலையும் அரித்தது. அரித்த இடத்தில் வீக்கம். வீக்கத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களோ எச்.ஐ.வி. தேடித் தொற்றும் செல்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை பயன்படுத்தும் இல்லத்தரசியிடம் இது வெளியே தெரிந்திருக்காது. ஒரு நாளில் பல முறை பயன்படுத்த வேண்டியிருந்த பெண்களிடம் தெரிந்தது. அந்தப் பொருளை உலகம் எச்.ஐ.வி. தடுப்பாக நம்பாமல் தப்பித்ததற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

தமிழ்நாடும் இந்த வரிசையில் இடம்பெற்றது. செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற இன்னொரு ஜெல்லின் பெரிய சோதனை பெனின், தென் ஆப்பிரிக்கா, உகாண்டா நாடுகளோடு கர்நாடகத்தின் பாகல்கோட்டையிலும் சென்னையிலும் நடந்தது. சென்னையில் அதை நடத்தியது சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு. மொத்தம் 1,398 பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஜெல் பெற்றவர்களிடம் தொற்று கூடுவதுபோல் தெரிந்ததும் 2007 ஜனவரியில் சோதனையை உடனே நிறுத்தினார்கள். இறுதிக் கணக்கில் ஜெல் குழுவில் 25 தொற்று, வெற்று ஜெல் குழுவில் 16. தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய இடைவெளிதான். ஆனாலும் பெண்களை அந்த அபாயத்தில் தொடர விடுவது நியாயமில்லை என்று கண்காணிப்புக் குழு முடிவெடுத்தது.

சேர்வதற்கும் மறுப்பதற்கும்

இவ்வளவுக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான பெண்கள் சோதனைகளில் சேர்ந்திருக்கிறார்கள். ஏன் சேர்கிறார்கள் என்று கேட்டால் வரும் பதில்களில் முதலாவது பணமல்ல, மருத்துவம். முகம் சுளிக்காமல் தொட்டுப் பார்க்கும் டாக்டர், காத்திருக்க வைக்காத செவிலியர், பால்வினை நோய்க்கு இலவச மருந்து ஆகியவை பல ஊர்களில் பாலியல் தொழிலாளிக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. கண்ணெதிரே தோழிகள் எய்ட்ஸில் இறந்ததைப் பார்த்தவர்கள், நாளை வேறொரு பெண்ணுக்காவது பயன்படட்டும் என்று வருவதும் உண்டு.

பணத்தைப் பற்றி அறநெறிக் குழுக்களின் கவலை வேறு. தொகை அதிகமாக இருந்தால் ஏழைப் பெண் அபாயத்தை யோசிக்காமல் சேர்ந்துவிடுவாள் என்று அஞ்சித் தொகையைக் குறைப்பார்கள். பெண்களின் கணக்கில் அது வேறு விதமாக விழுகிறது. மருத்துவமனைக்கு ஒரு முறை வந்துபோனால் பஸ் கட்டணம், அன்றைய வருமானம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் காசு எல்லாம் போகும். இரவு முழுவதும் வேலை பார்த்தவரைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லும் சோதனைக்கு ஆள் கிடைக்காவிட்டால், அதைப் பயம் என்றோ அறியாமை என்றோ எழுதிவைப்பது சரியாகாது.

மறுப்பதற்கான காரணங்களிலும் பல நல்ல தர்க்கம் உள்ளவை. தடுப்பூசிச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். தடுப்பூசி நன்றாக வேலை செய்தால் உடலில் எச்.ஐ.வி.க்கு எதிரான புரதங்கள் உருவாகும். வழக்கமான ரத்தப் பரிசோதனை தேடுவதும் அதே புரதங்களைத்தான். ஆக, தொற்றே இல்லாத ஒருவருக்குப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வரலாம். பிரசவ ஆஸ்பத்திரியிலோ, வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையிலோ அந்தச் சீட்டைப் பார்த்தவரிடம் தடுப்பூசியின் கதையை யார் விளக்குவது?

மாத்திரைக்கும் இதே கதி. எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சாப்பிடும் அதே மருந்து என்பதால், பெட்டியில் பார்த்த துணைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நோய் வந்துவிட்டது என்றே நினைப்பார்கள். ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்ற வதந்தி ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் கிளம்பியிருக்கிறது. எடுத்த ரத்தம் எங்கே போகிறது, அதில் என்ன தெரிந்தது என்று யாரும் திரும்பிவந்து சொல்லாத இடத்தில் வதந்தி வளர்வதில் என்ன ஆச்சரியம்?

விளங்கவைக்கக் கடினமானது வெற்று மருந்து. டாக்டர் ஒருவர் தெரிந்தே வேலை செய்யாத மாத்திரையைக் கொடுப்பார் என்பதை எந்த நோயாளியும் எளிதில் நம்பமாட்டார். சோதனையில் சேர்ந்துவிட்டோம், இனிப் பாதுகாப்புதான் என்று எண்ணி ஆணுறையைக் கைவிட்டால் ஆபத்து. அந்த அச்சம் எல்லா இடத்திலும் மெய்யாகவில்லை. கானாவில் நடந்த ஒரு டெனோஃபோவிர் சோதனையில் சேர்ந்த பெண்களிடம் ஆணுறைப் பயன்பாடு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஆனால் அது தானாக நடந்ததல்ல. ஒவ்வொரு வருகையிலும் உட்காரவைத்துப் பேசியதன் பலன்.

சேர்வேன் என்பதும் சாப்பிடுவேன் என்பதும் வெவ்வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் ‘வாய்ஸ்’ என்ற சோதனை நடந்தது. அவர்கள் பாலியல் தொழிலாளர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். தொற்று அதிகமுள்ள பகுதிகளில் வாழ்ந்த இளம்பெண்கள். பெரும்பாலானோர் தவறாமல் வந்தார்கள், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், காலிப் புட்டிகளையும் காட்டினார்கள். ரத்தத்தைச் சோதித்தால் மருந்தின் சுவடு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் இருந்தது. மருத்துவமனையின் கவனிப்பு அவர்களுக்கு வேண்டும். மாத்திரை மேல் நம்பிக்கை இல்லை. கருத்துக்கணிப்பில் ‘சேரத் தயார்’ என்று டிக் அடித்தவர்களின் எண்ணிக்கையை எவ்வளவு ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மறுப்பு தந்த விதிகள்

கம்போடியாவில் தொடங்கிய எதிர்ப்பு அங்கேயே நிற்கவில்லை. 2004 ஜூலையில் பாங்காக்கில் கூடிய எய்ட்ஸ் மாநாட்டில், மருந்தைத் தயாரித்த கிலியட் நிறுவனத்தின் அரங்கின் முன் போராட்டம் நடந்தது. அடுத்த பிப்ரவரியில் கேமரூன் அரசு டுவாலா நகரில் நடந்துகொண்டிருந்த டெனோஃபோவிர் சோதனையை நிறுத்திவைத்தது. பிரெஞ்சு பேசும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தாள் கொடுத்தார்கள், தொற்று வந்தவர்களுக்குச் சிகிச்சை உறுதி இல்லை என்பவை அங்கே எழுந்த குற்றச்சாட்டுகள். நைஜீரியாவிலும் சோதனை பாதியில் முடிந்தது. கானாவையும் சேர்த்து மூன்று நாடுகளிலும் சேர்ந்திருந்தவர்கள் 936 பேர். மருந்துக் குழுவில் இரண்டு தொற்று, வெற்று மாத்திரைக் குழுவில் ஆறு. நம்பிக்கை தரும் எண்கள்தான், ஆனால் நிரூபணம் ஆகாது. மருந்து உண்மையில் தடுக்கிறது என்பது 2010 முதல் வேறு நாடுகளில், வேறு ஆட்களிடம் நடந்த சோதனைகளில்தான் உறுதியாயிற்று. மறுப்பினால் சில ஆண்டுகள் போயின என்று ஆய்வாளர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. கம்போடியப் பெண்கள் கூட்டமைப்பின் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாமல் போனதும் உண்மை.

அந்தக் கசப்பிலிருந்து ஒரு விதித்தொகுப்பு பிறந்தது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் ஏவாக் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ‘நல்ல பங்கேற்பு நடைமுறை’ வழிகாட்டிகள், 2011இல் திருத்தப்பட்டன. சோதனையைத் திட்டமிடும்போதே சமூகத்தினரை உட்காரவைத்துப் பேசு, தொற்று வந்தால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிவை, முடிவைத் திரும்பிவந்து சொல் என்பவை அதன் சாரம். நல்ல நோக்கம்தான். ஆனால் பாலியல் தொழிலாளர்களிடமே கொடுத்துக் கருத்துக் கேட்டபோது அதன் நடை அவர்களுக்கு எட்டவில்லை. மருத்துவ ஆராய்ச்சியின் அறநெறிப் பிரகடனம் ஹெல்சிங்கி நகரில் உருவானதால் அந்தப் பெயரால் வழங்குகிறது. அந்தப் பெயரைப் பார்த்த ஒருவர், ஹெல்சிங்கி என்பது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தலைப்பாக வைத்தே 2011இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

மைசூருவில் என்ன வேறு?

முதல் வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016இல் மருந்து தடுக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனவே மைசூருவில் வெற்று மாத்திரை இல்லை, எல்லாருக்கும் மருந்து. வேலை செய்கிறதா என்பதல்ல, இந்த ஊரில் இந்தப் பெண்களுக்கு இதைக் கொண்டுசேர்க்க முடியுமா என்பதே அங்கே கேட்கப்பட்டது. இது புனோம் பென்னைவிட எளிதாகச் சம்மதிக்கக்கூடிய ஒன்று.

ஆனால் ‘வாய்ஸ்’ சோதனையின் காலிப் புட்டிகளை நினைத்தால், அது மட்டுமே காரணமாக முடியாது. மைசூருவில் திட்டத்தை நடத்தியது அஷோதயா சமிதி. 2000களின் நடுவில் பாலியல் தொழிலாளர்களே அமைத்துக்கொண்ட சங்கம். மனிடோபா பல்கலைக்கழகம் இங்கேயும் துணை நின்றது. ஆனால் முன்னால் நின்றவர்கள் உறுப்பினர்களே. மருந்து வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இது நமக்கு வேண்டுமா என்று தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். இதனால் ஆணுறை கைவிடப்படுமா, வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது, மாத்திரை சாப்பிடுகிறாயே உனக்கு நோயா என்று சக தொழிலாளி கேட்டால் என்ன சொல்வது என்று அலசினார்கள். பிறகுதான் சரி என்றார்கள். மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடத் துணை நின்றவர்களும் அதே தொழிலில் இருந்தவர்கள்.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் இதே திட்டத்தின் இன்னொரு பாதி நடந்தது. அங்கே நடத்தியது தர்பார் மகிளா சமன்வய கமிட்டி. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய சுகாதாரப் பணியிலிருந்து வளர்ந்த பெரிய அமைப்பு. 678 பெண்கள் சேர்ந்தார்கள். அங்கும் ஒருவருக்கும் தொற்றவில்லை.

சங்கம் இருந்தால் எல்லாச் சோதனையும் நிறைவேறும் என்று இதற்குப் பொருளில்லை. கம்போடியாவில் சோதனையை நிறுத்தவைத்ததும் சங்கம்தான். பேரம் பேசும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்கள் ‘சரி’ என்றும் சொல்ல முடிகிறது, ‘மாட்டோம்’ என்றும் சொல்ல முடிகிறது. தனியாக, ஒரு மேசைக்கு முன், பல பக்கப் படிவத்தில் கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கு இரண்டுமே கடினம்.

சட்டமும் மெல்ல இதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஏழைகளை ஏமாற்றிச் சோதனையில் சேர்க்கிறார்கள் என்ற வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போனதால், ஒப்புதல் பெறுவதைக் கேமராவில் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இந்தியாவில் 2013இல் வந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முகம் தெரியக் கூடாது என்று வாழ்கிறவருக்குக் கேமராவே முதல் அச்சுறுத்தல். புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய 2019ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளின் சோதனையில் குரலை மட்டும் பதிவுசெய்தால் போதும், படம் வேண்டாம்.

நைரோபிப் பெண்களும் விதி எழுதும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். பணக்கார நாட்டு ஆய்வாளர்கள் ஏழை நாடுகளில் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2018இல் ஓர் உலகளாவிய நடத்தை நெறி உருவானது. நியாயம், மரியாதை, அக்கறை, நேர்மை என்ற நான்கு தலைப்புகளின் கீழ் 23 பிரிவுகள், யாரும் படிக்கக்கூடிய எளிய நடையில். அதற்குக் கருத்துச் சொன்னவர்களில் தென் ஆப்பிரிக்காவின் சான் பழங்குடியினரும், பல ஆண்டுகள் ஆராய்ச்சிக்கு உடலைக் கொடுத்துப் பழகிய நைரோபியின் பாலியல் தொழிலாளர்களும் உண்டு.

அடுத்த சுற்று ஏற்கெனவே தொடங்கிவிட்டது. லெனகாபவிர் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். பெட்டியில் மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள 5,338 பெண்களிடம் நடந்த சோதனையில், ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024இல் தெரிந்தது. அந்தச் சோதனையில் வெற்று மருந்துக் குழு இல்லை. தடுக்கும் மாத்திரை கையில் இருக்கும்போது ஒருவருக்கு வெறும் மாவைக் கொடுப்பது சரியல்ல என்பதால், சோதனைக்குத் தேர்வுசெய்ய வந்த 8,094 பேரிடம் புதிதாகத் தொற்று பரவிக்கொண்டிருந்த வேகத்தைக் கணக்கிட்டு, அதோடு ஒப்பிட்டார்கள். ஆண்டுக்கு நூறு பேருக்கு 2.41 தொற்று என்று வந்தது அந்தக் கணக்கு. டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ ஆகிய இந்திய நிறுவனங்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் விலையில் இந்த ஊசியை 2027 முதல் 120 நாடுகளுக்குத் தரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்திருக்கின்றன.

அந்தச் சோதனையின் திட்டத்தில் இன்னொரு மாற்றமும் இருந்தது. முன்பெல்லாம் கர்ப்பம் உறுதியானதும் பெண்ணுக்கு மருந்து நிறுத்தப்படும். தொற்று அபாயம் மட்டும் அவரோடு தொடரும். சமூகப் பிரதிநிதிகளோடு கலந்து வகுத்த இந்தத் திட்டத்தில், கர்ப்பமான பெண்ணிடம் எல்லாவற்றையும் மறுபடி விளக்கி, ஊசியைத் தொடர்வதா விடுவதா என்பதை அவரையே முடிவெடுக்கச் சொன்னார்கள்.